ஜெபத்துக்கு வரமாட்டேன் என்கிறானா?

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு, அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம்.

பெரியவன் குடும்ப ஜெபத்துக்கு வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான், நீ வெளியே நின்று அழுதாய் என்று எழுதியிருந்தாய். முதலில் அழுகையை நிறுத்தும்மா. பதின்மூன்று வயதுப் பையன் ஒரு ராத்திரி கதவைச் சாத்தினால் விசுவாசத்தையே விட்டுவிட்டான் என்று ஆகிவிடாது. வீட்டுப்பாடம் எல்லாம் முடித்து, தூக்கம் கண்ணைச் சொருகுகிற நேரத்தில் முக்கால் மணி நேரம் உட்கார் என்றால் நானே வரமாட்டேன். ஒரு பாட்டு, சின்னதாக ஒரு வேதபகுதி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம், போதும். உபாகமம் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். பிள்ளைகளோடு எப்போது பேச வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. அதாவது சும்மா இருக்கிற நேரமெல்லாம். அவனோடு கடைக்குப் போகிற வழியில் நீ பேசுகிற இரண்டு வார்த்தையும் அந்தக் கணக்கில்தான் வரும்.

அப்புறம் ஒன்று, அவனைச் சாப்பிட வைக்க, படிக்க வைக்க, தங்கச்சியை அடிக்காமல் இருக்க வைக்க, எல்லாவற்றுக்கும் "இயேசப்பா கோவிச்சுக்குவார்" என்று சொல்வதை விட்டுவிடு. அம்மாவுக்குக் கோபம் என்றால் அம்மாவுக்குக் கோபம் என்றே சொல். நம் கோபத்தையெல்லாம் அவர் தலையில் ஏற்றிவிட்டு, பிள்ளை ஏன் அவரிடம் போக மாட்டேன் என்கிறான் என்று கேட்டால் எப்படி? எபேசியர் 6ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள் என்பது, நம் வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடம். நான்காம் வசனம் தகப்பன்மாரைப் பார்த்து, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்கிறது, அதை மட்டும் யாரும் சுவரில் மாட்டுவதில்லை. அதற்காகக் கண்டிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசாரியனாகிய ஏலி கெட்டுப்போன தன் மகன்களிடம் வாயால் சொன்னார், ஆனால் அடக்கவில்லை, அதன் முடிவு உனக்குத் தெரியும், இரண்டு மகன்களும் ஒரே நாளில் செத்தார்கள். தங்கச்சியை அடித்தால் கண்டி, பொய் சொன்னால் கண்டி. ஜெபத்தில் கொட்டாவி விட்டான் என்பதற்காகக் கண்டிக்காதே.

நோவா காலத்து வெள்ளத்தில் சின்னக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டானாமே, நீ பயந்துபோய் "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று வாயை அடைத்துவிட்டாயாம். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கேட்காமலே தலையாட்டுகிற பிள்ளையைவிட, வசனத்தைக் கேட்டு மனசு துடிக்கிற பிள்ளை மேல். சோதோம் பட்டணத்தை அழிக்கப் போகிறேன் என்று கர்த்தர் சொன்னபோது, நீதிமானையும் சேர்த்தா அழிப்பீர் என்று ஆபிரகாம் நேருக்கு நேர் கேட்கவில்லையா? ஆபகூக் தீர்க்கதரிசியின் புஸ்தகம் ஆரம்பிப்பதே, எதுவரைக்கும் கூப்பிடுவேன், கேட்கமாட்டீரா என்கிற முறையீட்டோடுதான். சங்கீதங்களில் நிறையப் புலம்பலாகத்தான் எனக்குப் படும். பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல், சேர்ந்து வாசிக்கலாம் என்று சொல், வேண்டுமானால் போதகரிடம் அவனையே கேட்கச் சொல். பதில் தெரியாததால் உன் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

மாப்பிள்ளை விஷயம். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்துவிடுகிறார், பையன் அதைப் பார்த்துத்தான் கெட்டுப்போகிறான் என்கிறாய். மகளே, இந்தப் பேச்சைப் பிள்ளைகள் காதில் விழும்படி பேசாதே. அப்பாவா, ஆலயமா என்று அவர்களைத் தேர்ந்தெடுக்க வைத்தால், நீ எந்தப் பதிலுக்காக ஆசைப்படுகிறாயோ அது கிடைக்காது. பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கர் என்று அப்போஸ்தலர் 16இல் இருக்கிறது. அவருடைய விசுவாசத்தைப் பற்றி வேதம் ஒன்றும் சொல்லவில்லை. பவுல் எடுத்துச் சொல்வது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான். தீமோத்தேயு சிறுவயது முதல் வேதம் அறிந்து வளர்ந்தது அந்த வீட்டில்தானே. மாப்பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து, சண்டையில்லாமல், பிள்ளைகளை எதில் நிர்ப்பந்திப்பது, எதில் விட்டுவிடுவது என்று இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாருங்கள். உன் முடிவுக்கு அவரை இழுப்பது என்று அர்த்தமில்லை.

பிள்ளையை நடக்கவேண்டிய வழியிலே நடத்தினால் முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்கிற "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே" வசனத்தை நீதிமொழிகளிலிருந்து எழுதி, நான் எங்கே தவறினேன் என்று கேட்டிருந்தாய். அது நீதிமொழி, ஒப்பந்தப் பத்திரம் இல்லை. சாமுவேல் தீர்க்கதரிசியைவிட நாம் பெரிய ஜெபவீரர்களா? அவர் மகன்கள் யோவேலும் அபியாவும் லஞ்சம் வாங்கினார்கள். நாம் செய்ய வேண்டியதைச் செய்வோம். மிச்சம் அவனுக்கும் கர்த்தருக்கும் இடையில் நடக்கிற காரியம், அதற்குள் நீயும் போய் உட்கார முடியாது.

சரி, சின்னவளுக்கு வசனப் போட்டி வருகிறது என்றாயே, பரிசு கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுகிறேன். பெரியவனிடமும் கொடு, ஜெபத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவை.

அம்மா