அறுபதாம் இடத்துக்காரர்

ஆசிரியர் அவர்கட்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ரென்னிஸ் என்றால் இறுதிப் போட்டியும் கிண்ணம் தூக்கும் படமும்தான். கிராண்ட் ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளில் ஒவ்வொன்றிலும் ஒற்றையரில் 128 பேர் இறங்குகிறார்கள். முதற் சுற்றோடு 64 பேர் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு அந்த 64 பேரைப் பற்றிய யோசனைதான்.

2001இல் ஓர் அலுவலாக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போயிருந்தேன். யுத்தத்தால் பாதை பூட்டியிருந்த காலம், காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலை போய்த்தான் போகவேண்டும். வெள்ளவத்தை லொட்ஜ் ரி.வி.யில் பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டி ஓடியது. அமெரிக்கர் மைக்கேல் ரசல், ஐந்தடி எட்டங்குலம், தகுதிகாண் சுற்றில் மூன்று ஆட்டம் வென்று உள்ளே வந்தவர். நான்காம் சுற்றில் எதிரே நடப்புச் சம்பியன் குவேர்ட்டன். ரசல் முதலிரண்டு செற்றையும் 6-3, 6-4 என்று எடுத்தார். மூன்று செற் எடுத்தால் வெற்றி. மூன்றாவதில் 5-3, மட்ச் பொயின்ற், இன்னும் ஒரேயொரு புள்ளி! லொட்ஜ் முதலாளிகூடத் தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்து நின்றார். குவேர்ட்டன் தப்பிவிட்டார். பிறகு 6-7, 3-6, 1-6. வென்றவர் ரக்கெற்றால் செம்மண்ணில் பெரிய இதயம் கீறினார், கிண்ணமும் அவருக்கே போனது. உலகத்துக்கு அந்த இதயம்தான் ஞாபகம்.

ரசல் அதற்குப் பிறகும் 2015 வரை விளையாடினார். உலகத் தரவரிசையில் எட்டிய உச்சம் 60ஆம் இடம், அதுவும் 2007இல், 29 வயதில். ஏ.ரி.பி. என்கிற ஆண்களின் மேல்மட்டச் சுற்றில் ஒற்றையர் பட்டம் ஒன்றுகூட இல்லை. வென்றதெல்லாம் அதற்குக் கீழே உள்ள சலஞ்சர் போன்ற போட்டிகளில். அந்த மட்டத்தில் விமானச் சீட்டு, பயிற்றுநர் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் கைக்காசு. முதற் சுற்றிலேயே தோற்றால் வரவைவிடச் செலவு கூட.

உலகத்திலேயே அறுபதாவது ஆள்! எங்கள் ஊரில் வகுப்பில் ஆறாம் பிள்ளை என்றாலே தாய்மார் முகத்தைத் தொங்கப் போடுவார்கள். நானும் 30 வருடம் தேர்ச்சி அறிக்கையில் இடம் போட்டவன்தான், அந்தப் பாவத்தில் பங்குண்டு.

பேரன் பள்ளிக்கூடத்துக்காக விளையாடுகிறான். போன மாதம் தோற்றுவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரர், "அரையிறுதிகூட இல்லையோ? இந்த விளையாட்டை விட்டிட்டு ஓ.எல். சோதனையைப் பாரடா" என்றார். பெடியன் ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போய்விட்டான்.

சரி, கேட்பது பெரிதல்ல. தகுதிகாண் சுற்றுப் பெறுபேறுகளையும், இப்படிப்பட்ட ஆட்களின் கதையையும் மாதத்துக்கு ஒருமுறையாவது சின்னப் பெட்டியில் போடுங்கள். பேரன் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்துதான் விரிக்கிறவன்.

இளைப்பாறிய கணித ஆசிரியர்,
கொக்குவில்.