ஸ்ரிம்மர் நூல் மாற்றுவது பற்றி நண்பருக்கு எழுதியது

ஹரோ,
மே மாதம்.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. லெஸ்ரரில் புது வீட்டுக்குக் குடிபுகுந்துவிட்டீர் என்பதும், பின்வளவு நினைத்ததைவிட நீளமாக இருக்கிறது என்பதும் அறிந்து மகிழ்ச்சி. இத்தனை வருடமும் மாடிக் குடியிருப்பில் இருந்த உமக்கு இந்த நாட்டு மே மாதப் புல்லின் வேகம் இனித்தான் தெரியவரும். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் இருப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நீர் கேட்ட விடயத்துக்கு வருகிறேன். முந்திய வீட்டுக்காரர் கொட்டிலில் விட்டுச் சென்ற, சுழலும் நூலால் புல் வெட்டும் மின்சார ஸ்ரிம்மர் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் சிறிது நேரத்தில் நூல் அறுந்து தலைக்குள் போய்விடுகிறது, அல்லது தேய்ந்தபின் புதிதாக வெளியே வருவதில்லை என்று எழுதியிருந்தீர். கடையில் நின்றவர் தடித்த நூல் போடச் சொன்னார், அயலவர் மெல்லிய கம்பியைக் கட்டினால் அறவே அறாது என்றார், நீரோ புது மெசினே வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறீர். மூன்றும் வேண்டாம். மோட்டார் சுற்றுகிறதென்றால் குறை பெரும்பாலும் நூலிலும், அது சுற்றப்பட்ட விதத்திலும், நூல் வெளிவரும் கண்ணிலும்தான் இருக்கும். நூல் தேய்வதும் நுனி அறுவதும் குறையே அல்ல, தேய்வதற்காகவே அது அங்கே இருக்கிறது. தேய்ந்த அளவுக்குப் புது நூல் வெளியே வராமல் நிற்பதுதான் குறை, நாம் சரிப்படுத்த வேண்டியதும் அதைத்தான்.

முதலில் அயலவரின் கம்பி யோசனையை மறந்துவிடும். 25 சென்ரிமீற்றர் விட்டத்தில் வெட்டும் ஒரு சிறிய மெசின் நிமிடத்துக்கு 10,000 தரம் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், நூலின் நுனி விநாடிக்கு ஏறக்குறைய 130 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 470 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கையில் துவண்டு கிடக்கும் நைலோன் நூல் அந்த வேகத்தில்தான் விறைத்து நின்று புல்லை வெட்டுகிறது. கல்லிலோ வேலிக்காலிலோ பட்டால் அது வளைந்து கொடுக்கும், மிஞ்சினால் நுனி தேய்ந்து போகும். கம்பி வளைந்து கொடுக்காது. களைத்து முறியும்போது அந்தத் துண்டு துப்பாக்கிச் சன்னம் போகிறமாதிரிப் பறந்து, உமது காலையோ வேலிக்கு அப்பால் நிற்கும் பிள்ளையையோ தாக்கலாம். ஆகையால்தான் எந்த மெசினின் கையேட்டைத் திறந்தாலும் உலோகக் கம்பி போடக் கூடாதென்று எழுதியிருக்கும்.

இந்த வளைந்துகொடுக்கும் குணத்தை வைத்துத்தான் இந்தக் கருவியே பிறந்தது. அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் இருந்த ஜோர்ஜ் பாலஸ் என்பவர் 1971இல் கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காரின் பூச்சைக் கெடுக்காமல் அழுக்கை மட்டும் எடுக்கும் அந்த இழைகளைப் போல, மரத்தைக் கெடுக்காமல் அதன் அடியில் நிற்கும் புல்லை மட்டும் எடுக்க முடியாதா என்று யோசித்தாராம். வீட்டுக்கு வந்து, பொப்கோர்ன் தகரப் பேணி ஒன்றில் துளையிட்டு, நம்மூரில் தூண்டிலுக்குக் கட்டும் அதே தங்கூசியைக் கோத்து, புல்லோரம் வெட்டும் மெசின் ஒன்றில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். அதுவே ‘வீட் ஈற்றர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1977இல் எமர்சன் எலெக்ரிக் நிறுவனத்துக்கு அதை விற்றுவிட்டார். உமது வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் தவறாமல் பார்க்கும் ‘ஸ்ரிக்ற்லி’ நடனப் போட்டிக்கு 2017இல் தலைமை நடுவரான ஷேர்லி பாலஸ், ஒரு காலத்தில் இந்த மனிதரின் மருமகளாக இருந்தவர். வீட்டில் சொல்லும், நான் புல்லைப் பற்றி மட்டும் எழுதவில்லை என்பது தெரியட்டும்.

கடைக்காரர் சொன்ன தடித்த நூல் கம்பியைப்போல் ஆபத்தானதல்ல, என்றாலும் உமது மெசினுக்கு அது பொருந்தாது. சிறிய மின்சார ஸ்ரிம்மர்கள் 1.2 மில்லிமீற்றரிலிருந்து 1.6 மில்லிமீற்றர் வரையான நூலுக்காகச் செய்யப்பட்டவை. சற்றுப் பெரியவை 2 மில்லிமீற்றர் வரை தாங்கும். 2.4 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் பெற்றோல் மெசின்களுக்கு உரியவை. 1.6 இற்கும் 2 இற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் எடை விட்டத்தின் வர்க்கத்தின்படி ஏறுவதால், அதே நீள நூலின் எடை ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாகிவிடும். காற்றைக் கிழிக்கும் சுமையும் கூடும். மோட்டாரின் வேகம் குறைந்து அது சூடாகும், நூற்கட்டையிலும் குறைந்த நீளமே கொள்ளும், கண்ணுக்குள் நூல் இறுகிக்கொண்டு நீர் முறையிடுகிற அதே குறை இன்னும் மோசமாகும். சரியான அளவு மெசினின் பக்கத்திலோ நூற்கட்டையின் மேலோ பொறிக்கப்பட்டிருக்கும். சதுர நூல், முறுக்கிய நூல் என்று கடையில் பல வடிவங்கள் வைத்திருப்பார்கள். வீட்டு வளவுக்கு உருண்டை நூலே போதும்.

இனி நூலின் வயது. நைலோன் ஈரத்தை உறிஞ்சும் பொருள். நீரில் ஊறினால் தன் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் வரை தண்ணீரை ஏற்றுக்கொள்ளும், அந்த ஈரம் இருக்கும்வரைதான் அதற்குத் துவளும் தன்மை. முந்திய வீட்டுக்காரர் எத்தனை கோடை அந்தக் கட்டையைக் கொட்டிலில் காயவிட்டாரோ! காய்ந்த நூல் கண்ணின் விளிம்பில் வளைகிற இடத்திலேயே முறிந்துபோகும். ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கிடையில் கூர்மையாக மடித்துப் பாரும். வெண்மையாகக் கீறல் விழுந்து பட்டென்று முறிந்தால் அது காய்ந்துவிட்டது. ஓர் இரவும் பகலும் தண்ணீரில் ஊறப்போட்டால் பெரும்பாலும் உயிர் பெறும். ஊறியபின்னும் முறிந்தால் எறிந்துவிடும்.

மாற்றுகிற வேலையைத் தொடங்கும் முன்னர் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுத் தலையில் கை வைப்பது கூடாது. பற்றரி மெசின் என்றால் பற்றரியையே வெளியே எடுத்துவிட வேண்டும். மெசினைத் தலைகீழாகத் திருப்பினால் மூடியின் இரு பக்கத்திலும் இரண்டு பிளாஸ்ரிக் நாக்குகள் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு மூடியைத் தூக்க வேண்டும். பெருவிரலால் மூடியை லேசாகத் தாங்கிக்கொள்ளும். சில மெசின்களில் கட்டைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கும், பிடி விட்டால் அது துள்ளிப் புல்லுக்குள் மறைந்துவிடும், பிறகு அதைத் தேடுவதிலேயே மாலை போய்விடும். கட்டையை எடுத்ததும் உள்ளே பச்சையும் மண்ணும் சேர்ந்து பசைபோல் இறுகிக் கிடப்பதைக் காண்பீர். பழைய பல்தூரிகையால் அதைச் சுரண்டித் துடைத்தாலே பாதிக் கோளாறு தீரும்.

அத்தோடு நூல் வெளிவரும் கண்ணை விரல்நுனியால் தடவிப் பாரும். அந்தக் கண்ணுக்குள் ஓர் உலோக வளையம் இருக்கும். நாள்பட நூல் உரசி உரசி அதில் ஒரு பள்ளம் விழுந்து, அதன் விளிம்பு கூர்மையாகியிருக்கும். அந்த விளிம்பு நூலைக் கத்திபோல் அறுக்கும். உமது நூல் எப்போதும் கண்ணருகிலேயே அறுந்து உள்ளே போகிறதென்றால், நூல் காய்ந்திருப்பதும் இந்த வளையம் தேய்ந்திருப்பதும் நான் முதலில் சந்தேகப்படுகிற இரண்டு காரணங்கள். வளையத்தைத் தனியாக மாற்ற முடிகிற மெசின்களும் உண்டு, முடியாவிட்டால் சற்றுச் சுழற்றி வைத்தால் தேயாத பக்கம் முன்னுக்கு வந்துவிடும்.

நூலைச் சுற்றுவதில்தான் பொறுமை வேண்டும். கட்டையின் நடுத்தண்டில் ஒரு சிறு துளை இருக்கும். நூலின் முனையில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவுக்கு மடக்கி அதில் செருகும். கட்டையின் விளிம்பில் அம்புக்குறி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும், அது காட்டும் திசையில்தான் சுற்ற வேண்டும், மாறிச் சுற்றினால் தலை சுழலும்போது நூல் தளர்ந்து உள்ளுக்குள்ளேயே குழம்பிவிடும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் விட்டபோது தடியில் நூலை எட்டுப்போட்டுச் சுற்றிய பழக்கம் இன்னும் கையில் இருந்தால், அதை இன்றைக்கு ஒதுக்கிவையும். எட்டுப்போட்ட நூல் பட்டத்துக்கு நல்லது, ஏனென்றால் அங்கே நாம் கையால் அவிழ்க்கிறோம். இங்கே ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்த சுற்றுகள் ஒன்றையொன்று கவ்வும். அதிர்வில் உரசும். உரசலின் சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தேய்ந்த நூல் வெளியே வராததற்கு மிகப் பொதுவான காரணம் இப்படி ஒட்டிப்போவதுதான். கழற்றிப் பார்த்தால் இரண்டு சுற்றுகள் ஒன்றாய் உருகி, பிரித்தால் கிழிகிற நிலையில் இருப்பது கண்ணுக்கே தெரியும்.

எனவே ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை இடைவெளியில்லாமல் வரிசையாகச் சுற்றி, அதன்மேல் அடுத்த வரிசையைப் போடும். நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். கட்டை கொள்கிற மட்டும் நிரப்பலாம் என்ற ஆசை கூடாது. விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீழேயே நிறுத்திவிடும், சிறிய மெசின்களுக்கு 5 அல்லது 6 மீற்றர் போதும். நிறைய நூல் போட்டால் அடிக்கடி மாற்ற வேண்டாம் என்று நினைப்பவர்தான் அடிக்கடி கழற்றிக்கொண்டிருப்பார். முனையை விளிம்பில் உள்ள சிறு வெட்டில் செருகிவைத்தால் சுற்று அவிழாது. பிறகு அந்த முனையைக் கண்ணுக்குள்ளால் கோத்து, 10 சென்ரிமீற்றர் வெளியே விட்டு, கட்டையை உள்ளே அமர்த்தி, வெளியே உள்ள நூலை ஒரு தரம் பலமாக இழுத்து வெட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். இதை மறந்தால் நூல் ஒருபோதும் வெளிவராது. இரு நாக்குகளும் ‘டக்’கென்று பொருந்தும்வரை மூடியை அழுத்தும். ஒரு நாக்கு மட்டும் பொருந்திய மூடி ஓடும்போது பறந்துவிடும்.

வெளியே தள்ளும் முறை மெசினுக்கு மெசின் வேறுபடும். சிலவற்றில் சுற்றும்போதே தலையைத் தரையில் மெல்லத் தட்ட வேண்டும். சிலவற்றில் நிறுத்தி நிறுத்தித் தொடக்கினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நூல் தானாக வரும். உம்முடையது எந்த வகை என்று தெரியாவிட்டால் சத்தத்தைக் கவனியும்: நூல் குட்டையானதும் மோட்டார் சுமை குறைந்து கீச்சென்று உயர்ந்த குரலில் பாடும். நூல் நீளமாகிவிட்டால் காப்புத் தகட்டில் உள்ள சிறு கத்தியில் பட்டுத் ‘தட தட’ என்று கேட்டு, அளவுக்கு வெட்டப்பட்டு அடங்கும். அந்தத் தகட்டைச் சிலர் இடைஞ்சல் என்று கழற்றி வைப்பார்கள். நீர் அப்படிச் செய்யாதேயும்.

எல்லாம் சரியாகச் சுற்றியபின்னும் நூல் விரைவில் தேய்ந்தால் அது உமது கையின் பழக்கம். முழு நூலையும் புல்லுக்குள் அமுக்காமல் நுனியின் இரண்டு சென்ரிமீற்றர் மட்டும் படும்படி, தலையைச் சற்றுச் சரித்து, மெதுவாக நகர்த்த வேண்டும். செங்கல் ஓரத்திலும் கொங்கிறீற் பாதையிலும் உரச உரசத்தான் நூல் கரைந்துபோகிறது. நீர் நட்டிருக்கும் அப்பிள் கன்றின் அடியில் மட்டும் ஸ்ரிம்மரைக் கொண்டுபோகாதேயும். பாலஸின் எண்ணம் எதுவாக இருந்தாலும், இளம் பட்டையைச் சுற்றி நூல் ஒரு தரம் உரிக்க, கன்று பட்டுப்போவதற்கு அது போதும். அந்தப் புல்லைக் கையால் பிடுங்கும். உயர்ந்த புல்லுக்குள் போகும் முன் தடியால் விலக்கிப் பாரும். இந்த நாட்டு முள்ளெலி சத்தம் கேட்டு ஓடாது, சுருண்டு கிடந்துவிடும். இந்த மாதம் புல்லை வெட்டாமல் விடும்படி காட்டுச் செடிகளைப் பாதுகாக்கும் பிளான்ற்லைஃப் அமைப்பினர் கேட்டுக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரி அதைக் காரணம் காட்டி நடுப் புற்றரையை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் மறுப்பில்லை, ஓரங்கள் மட்டும் என் பொறுப்பு. கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்கு மூடிய சப்பாத்தும் இல்லாமல் அந்த ஓரத்துக்குக்கூட நான் இறங்குவதில்லை.

கடைசியாக ஒரு யோசனை. முதல் தடவைக்கு உமது மெசினுக்குரிய, தயாராகச் சுற்றிய கட்டை ஒன்றையே வாங்கும். விலை கூடத்தான், ஆனால் நூல் எப்படி வரிசையாக அமர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி இல்லை. அது தீர்ந்ததும் வெறுங்கட்டையை எறியாமல் வைத்துக்கொண்டு, சில்லறை நூல் வாங்கி நீரே சுற்றும். வெட்டி எடுத்த பழைய துண்டுகளைப் புல்லில் விடாமல் பொறுக்கிக் குப்பைக்குப் போடும். அவை மண்ணில் மக்காது.

உமது மெசினின் தலையில் கண் ஒன்றா இரண்டா என்பதையும், பக்கத்தில் பொறித்திருக்கும் மில்லிமீற்றர் எண்ணையும் அடுத்த கடிதத்தில் எழுதும். இரண்டு கண் என்றால் கட்டையின் இரு பாதியிலும் தனித்தனியாகச் சம நீளத்தில் சுற்ற வேண்டியிருக்கும், அதற்கான படம் ஒன்றை வரைந்து அனுப்புகிறேன். 1.5 என்று இருந்தால் என்னிடமே ஒரு சுருள் மிச்சம் கிடக்கிறது, வரும்போது கொண்டுவருவேன்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லும்.

இப்படிக்கு,
உமது பழைய நண்பன்