இழுக்க விடாமல் தடுத்த கைக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மாவுக்கட்டுப் பிரித்து நான்கு மாதங்கள் ஆகின்றன. வலது கையால் நான் எழுதும் முதல் நீண்ட கடிதம் இது. அது உங்களுக்கு எழுதப்படுவதுதான் முறை.

அன்று படிகள் முடிந்துவிட்டன என்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. பாதம் உள்பக்கமாக மடங்கியது. விழுந்த வேகத்தில் கையை ஊன்றிவிட்டேன். எழுந்து உட்கார்ந்து பார்த்தால், மணிக்கட்டு கவிழ்த்து வைத்த முள்கரண்டிபோல் வளைந்து நின்றது. "பிசகியிருக்கிறது, ஒரே இழுப்பில் சரியாகிவிடும்" என்று ஒருவர் என் விரல்களைப் பற்றினார். அவர் நல்லெண்ணத்தோடுதான் வந்தார், அதில் எனக்கு ஐயமே இல்லை. அப்போதுதான் "ஐயா, தொடாதீர்கள்" என்று ஒரு குரல் கேட்டது.

அந்தக் குரலுக்கு உரியவரே, முதல் நன்றி உங்களுக்கு. உங்கள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. முறிந்த எலும்பின் முனை கூராக இருக்கும், பக்கத்திலேயே நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன, படம் பார்க்காமல் இழுக்கக் கூடாது என்று அவரிடம் பொறுமையாகச் சொன்னீர்கள். என் பக்கம் திரும்பி, "வீக்கம் ஏறுவதற்குள் மோதிரத்தைக் கழற்றிவிடலாம் அம்மா" என்றீர்கள். செய்தித்தாளைத் தடிமனாக மடித்து முழங்கைக்குக் கீழிருந்து உள்ளங்கை வரை அணை கொடுத்தீர்கள். வளைந்த கையை நிமிர்த்தப் பார்க்கவில்லை. இருந்த நிலையிலேயே கட்டி, உங்கள் துண்டைக் கழுத்தில் தூளிபோல் முடிந்து கையைத் தாங்க வைத்தீர்கள். தண்ணீர் கொண்டுவந்தவரையும், மயக்க மருந்து தேவைப்படலாம், வயிறு காலியாக இருக்கட்டும் என்று சொல்லித் தடுத்தீர்கள். பிறகு, "விரல்களை அசைக்க முடிகிறதா? தொட்டால் தெரிகிறதா?" என்று கேட்டீர்கள். அதே கேள்வியை மருத்துவமனையில் மூன்று பேர் கேட்டபோதுதான் உங்கள் அறிவின் அருமை எனக்குப் புரிந்தது.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை என் கண்முன் பிடித்து, முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்திருப்பதைக் காட்டினார். மரத்துப்போகும் ஊசி வேலை செய்யும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அயர்லாந்தின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை 1814-இல் எழுதி வைத்தாராம். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல். எண்பது ஆண்டுகளுக்கு முன்பே விரல் நுனியால் தடவியே அறிந்திருக்கிறார். அந்தக் கதையில் என் பயம் பாதி கரைந்தது. மருத்துவர் ஐயா, நீங்களும் இழுத்துத்தான் எலும்பைப் பொருத்தினீர்கள். ஆனால் எங்கே, எவ்வளவு, எந்தத் திசையில் என்று தெரிந்து இழுத்தீர்கள்.

வீக்கத்துக்கு இடம் விட்டு முதலில் பாதிக் கட்டுதான் போட்டார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது செவிலியர் ஒருவர் என் கணவரைத் தனியே அழைத்து, "வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, விரல் மரத்தாலோ, வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்" என்றார். இரண்டாம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு என் விரல்கள் மரத்தன. உடனே போனோம். சுற்றுத்துணியைத் தளர்த்திய சில நிமிடங்களில் விரல்களில் உணர்வு திரும்பியது. கட்டின் இறுக்கத்தில் ரத்த ஓட்டம் நின்றுபோனால் சில மணி நேரத்திலேயே தசை அழியத் தொடங்குமாம். அம்மா, அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்திருப்பேன்.

ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். என் மகள் மணிக்கு ஒருமுறை "விரல் பயிற்சி" என்று குரல் கொடுப்பாள். விரல்களை முழுக்க மடக்கி நீட்டி, தோளையும் தலைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும். இல்லையென்றால் முறியாத மூட்டுகளும் இறுகிப்போகும். அவளைச் சலித்துக்கொண்ட நாள்களுக்காக இங்கே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டைப் பிரித்ததும் அழுதுவிட்டேன். கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோபோல் இருந்தது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப வரவில்லை. குழாயடியில் ஒரு கை நீர் ஏந்த முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் அதையே இலக்காக வைத்தார். சின்னச் சுத்தியலின் பிடியைப் பற்றிக்கொண்டு கையை மெல்ல உள்ளும் புறமும் சாய்க்கச் சொன்னார். "பயிற்சியில் வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் சரி. வீக்கம் கூடினால் பாதியாகக் குறையுங்கள்." இத்தனை தெளிவாக எனக்கு யாரும் வலியைப் பற்றிச் சொன்னதில்லை. பயிற்சியின் ஏழாவது வாரம் உள்ளங்கையில் நீர் நின்றது. பக்கத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர்களுக்கும் நன்றி.

கைக்காகப் போன என்னுடைய கணுக்காலையும் கவனித்தவர் அந்தப் பிசியோதெரபிஸ்ட்தான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பத்து நொடிகூட நிற்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே கணுக்கால் சுளுக்கியது. வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். மூட்டைப் பிணைக்கும் தசைநார் நைந்தால், பாதம் எப்படி நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்குகிறதாம். அதற்கான பயிற்சியை நான் செய்யவே இல்லை. இப்போது தினமும் சுவரோரம் நின்று செய்கிறேன், ஒரு காலுக்கு முப்பது நொடி. ஐம்பத்து நான்கு வயதில் நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்ததால், அடர்த்திப் பரிசோதனைக்கும் மருத்துவர் அனுப்பினார். அடர்த்தி குறைந்திருக்கிறது, ஆனால் இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண்ணில், எலும்புப்புரை (எலும்பு நொய்ந்துபோகும் நோய்) என்று சொல்லும் −2.5 அளவுக்கு இன்னும் போகவில்லை. காலத்தில் தெரிந்ததே பெரிது. அதற்கும் அவருக்கு நன்றி.

துண்டு தந்தவரே, அது என்னிடம்தான் இருக்கிறது. நீல ஓரம் போட்ட வெள்ளைத் துண்டு. போன வாரம்தான் இரண்டு கைகளாலும் துவைத்து, முறுக்கிப் பிழிந்து உலர்த்தினேன். மடித்து வைத்திருக்கிறேன். இதைப் படித்தால் வாருங்கள்.

நன்றியுடன்,
அன்று படியில் விழுந்தவள்