கோமா நகரம் விழுந்த கணக்கில் உங்கள் பங்கு: ஐரோப்பிய ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத் தலைவருக்கும் ஆணையர்களுக்கும் வணக்கம்.

2025 ஜனவரிக் கடைசியில் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோமா நகரம் எம்23 கிளர்ச்சிப் படையின் கைக்குப் போனது. வட கீவு மாகாணத்தின் தலைநகர் அது. விமான நிலையமும் வங்கிகளும் மூடிக்கிடந்தன. முன்சென்சே சிறையில் பெண்களுக்கு நேர்ந்ததை எழுதக் கை வரவில்லை. நகரைச் சுற்றி முகாம்களில் கிடந்த அகதிகளை 72 மணி நேரத்துக்குள் ஊர் திரும்பச் சொன்னார்கள். சண்டையில் ஊரே போனவர்கள் எங்கே திரும்புவது?

இதைப் படை நடத்தியவர்களிடம் கேட்காமல் உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்றால், இதற்கு முன்பு ஒருமுறை உங்களால் முடிந்திருக்கிறது.

2012 நவம்பர் 20 அன்றும் இதே எம்23 இதே கோமாவைப் பிடித்தது. ஐ.நா. அமைதிப்படை அங்கேதான் இருந்தது. அதில் நம் இந்திய வீரர்களும் உண்டு. தடுக்க முடியவில்லை. ஆனால் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கிளர்ச்சிப் படை நகரை விட்டு வெளியேறிவிட்டது. மனம் திருந்தி அல்ல. பின்னால் நிற்பது பக்கத்து நாடான ருவாண்டா என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியதும், அந்த நாட்டுக்குப் போகும் உதவிப் பணத்தை நீங்களும் பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளும் நிறுத்தினீர்கள். அண்டை நாட்டுத் தலைவர்களும் நெருக்கினார்கள். பணம் நின்றால் துப்பாக்கியும் தணியும் என்பது அப்போதே தெரிந்துபோனது.

அப்புறம் என்ன ஆயிற்று? 2024 பிப்ரவரியில், வட கீவுவின் மசிசி மலைகளில் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, கைபேசிகளில் பயன்படும் டாண்டலம் முதலான கனிமங்களுக்காக ருவாண்டாவுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டீர்கள். சில மாதங்களில் அதே மசிசியின் ருபாயாவில் இருக்கும் கோல்டான் (டாண்டலம் எடுக்கும் தாது) சுரங்கங்கள் எம்23 வசமாயின. அங்கே வசூலாகும் வரி மட்டும் மாதம் 8 லட்சம் டாலர் என்று ஐ.நா. நிபுணர்கள் கணக்கிட்டார்கள். தாது எல்லை தாண்டி ருவாண்டாவின் தாதோடு கலக்கிறது என்றும் எழுதினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ருவாண்டா ராணுவத்துக்கு மேலும் 2 கோடி யூரோ ஒதுக்கியது. அது மொசாம்பிக்கில் தீவிரவாதிகளை எதிர்க்கும் பணிக்கான பணம், சரி. ராணுவம் ஒன்றுதானே?

1994 இனப்படுகொலையில் தொடர்புடையவர்கள் தொடங்கிய ஆயுதக்குழு காங்கோவில் இருப்பதாக ருவாண்டா சொல்கிறது. அந்த அச்சத்தைப் பொய் என்று தள்ள மாட்டேன். ஆனால் அதற்காக ஒரு மாகாணத் தலைநகரையும், அடுத்த மாதமே தென் கீவு மாகாணத் தலைநகர் புக்காவுவையும் பிடிக்க வேண்டியதில்லை.

2025 பிப்ரவரியில் ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கச் சொல்லி உங்கள் நாடாளுமன்றமே 443 வாக்குகளோடு தீர்மானம் போட்டது. எதிர்த்தவர்கள் வெறும் 4 பேர். மார்ச்சில் ஒன்பது பேர் மீதும் ருவாண்டா தலைநகர் கிகாலியின் தங்கச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் மீதும் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. நல்லது. ஒப்பந்தம் மட்டும் ‘பரிசீலனையில்’ என்றீர்கள்.

அதை நிறுத்திவையுங்கள். ருவாண்டா படை காங்கோ மண்ணை விட்டுப் போக வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2773-ஆம் தீர்மானம் சொல்கிறது. அது நடக்கும்வரையாவது, ருவாண்டாவிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டைத் தாதும் எந்தச் சுரங்கத்தில் வெட்டியது என்று கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்