குளக்கட்டில் நின்றவர்களுக்கு

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

கார்த்திகைக் கடைசி மழையில் எங்கள் சிறுகுளத்தின் கட்டு உடையாமல் தப்பியது உங்களால். கட்டுக்குக் கீழே நிற்கும் ஒன்றரை மாத நெற்பயிரும், அதற்கும் கீழேயுள்ள வீடுகளும், தொடரில் அடுத்துள்ள குளமும் அந்த இரண்டு இரவுகளுக்குக் கடன்பட்டவை. இரணைமடு போன்ற பெருங்குளத்துக்குப் பொறியியலாளர் உண்டு, வெள்ளத்தைத் திறந்துவிட வான்கதவு உண்டு. 80 ஹெக்ரேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்குள் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருந்தாலும், நடுச்சாமத்தில் ரோச் லைட்டோடு கட்டில் நடப்பது ஊர்ச்சனந்தான். ஆகவே யார் என்ன செய்தீர்கள் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். அடுத்த மாரிக்கு வேறு ஊருக்கும் உதவலாம்.

முதல் நன்றி மேற்குளத்துக் கமக்காரருக்கு. அங்கே வான் (குளம் நிரம்பினால் மிகைநீர் வழியும் வாய்) பாயத் தொடங்கியதுமே தொலைபேசியில் சொன்னீர்கள். எங்கள் பக்கம் தண்ணீர் ஏற முன்னர் சில மணிநேரம் கையில் கிடைத்தது அதனால்தான். தொடர்குளங்களில் மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளவை வரிசையாகப் போகும். அந்தச் சில மணிநேரத்துக்குப் பெறுமதி சொல்ல முடியாது.

இளைஞர் கழகப் பிள்ளைகள் வந்தவுடன் செய்த வேலை, வானை அடைத்திருந்த நாயுண்ணிப் பற்றையையும் மரக்குற்றிகளையும் இழுத்தெடுத்ததுதான். யாரோ கோடையில் கூடுதல் தண்ணீர் மறிக்க வானில் அடுக்கி விட்டிருந்த பலகையும் மண்மூட்டையும் அதே நேரத்தில் அகன்றன. இதை மனவருத்தத்தோடு எழுதுகிறோம். வானில் ஒரு அடி உயர்த்தினால் சிறுபோகத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் கூடும், உண்மை. ஆனால் வெள்ளம் வரும்போது அதே ஒரு அடி கட்டின் தலைக்கு மேலால் வழியும். மண்கட்டுக்கு மேலால் வழிந்த தண்ணீர் வெளிப்பக்கச் சரிவை அடியிலிருந்து அரித்து, உள்ளே உள்ளே ஏறி, கட்டையே பிளந்துவிடும். துருசை, அதாவது வயலுக்குத் தண்ணீர் விடும் மதகை, திறந்துவிடச் சொல்லிச் சிலர் கத்தினார்கள். துருசால் போகும் தண்ணீர் வானால் போவதில் சிறு பங்குதான். குளம் சடுதியாக வடிந்தால் உட்பக்கத்து ஈரமண் சரியவும் கூடும். துருசில் கைவைக்காமல் பொறுமையாக நின்ற மூத்தவர்களுக்கும் நன்றி.

மூட்டைகளைப் பற்றி. முந்நூறுக்குக் கிட்ட வெற்று உரப்பைகளை வீடு வீடாகச் சேர்த்துத் தந்தீர்கள். நிரப்பியவர்கள் பையில் பாதிக்கு மேல் போடவில்லை, வாயையும் இறுக்கிக் கட்டவில்லை. அதனால்தான் அவை பயன்பட்டன. முட்ட நிரப்பிய மூட்டை உருண்டையாக நிற்கும். இரண்டுக்கு நடுவே இடைவெளி விழும், அதற்குள்ளால் தண்ணீர் பீறும். பாதி நிரம்பியது மிதித்தால் பரந்து படியும். வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் அடுக்குவதுபோல் மேல்மூட்டை கீழ்மூட்டைகளின் பொருத்தில் வரும்படி அடுக்கி, ஒவ்வொன்றையும் மிதித்துவிட்டே அடுத்ததை வைத்தார்கள். பிளாஸ்ரிக் உரப்பை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். சணல்சாக்கு என்றால் இன்னும் நல்லது, ஆனால் இப்போது எங்கே கிடைக்கிறது?

மண் எடுத்த இடத்தைக் கவனித்தவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டின் அடியை ஒருவரும் தோண்டவில்லை. அவசரத்தில் பெரும்பாலும் நடக்கிற தவறு அது: மேலே மூட்டை ஏறும், கீழே அடி பலவீனமாகும். அதைவிட, வன்னியில் தெரியாத நிலத்தில் மண்வெட்டி போடக் கூடாது. வெடிபொருள் அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியிலிருந்துதான் மண் வந்தது. தூரம் கூட என்றாலும் லான்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்) வைத்திருப்பவர்கள் முகம் சுளிக்காமல் ஓடினார்கள். டீசல் காசைக்கூட வாங்கவில்லை.

ஆபத்து தலையில் இல்லை, அடியில்தான் வந்தது. இரண்டாம் இரவில் வயற்பக்கத்துக் கட்டடியில் ஊற்று ஒன்று கிளம்பியது. தெளிந்த தண்ணீராக ஒரே அளவில் கசிந்தால் அவ்வளவு பயமில்லை. கலங்கலாக, மண்ணை வாரிக்கொண்டு வந்தால் கட்டின் உள்ளே குழாய்போல் பொந்து விழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இது கலங்கலாகத்தான் வந்தது. களிமண் அப்பி ஊற்றின் வாயை அடைக்கப் போனவர்களைக் கீழ்க்குளத்திலிருந்து வந்த அனுபவசாலி ஒருவர் தடுத்தார். வாயை அடைத்தால் தண்ணீரின் அழுத்தம் குறையாது, பக்கத்தில் வேறு வாய் திறக்கும். அவர் சொன்னபடி ஊற்றைச் சுற்றிக் கிணற்றுக்கட்டு மாதிரி வட்டமாக மூட்டை அடுக்கப்பட்டது. உள்ளே தண்ணீர் உயர உயர அழுத்தம் சமப்பட்டு, கலங்கல் தெளிந்தது. தெளிந்தவுடன் அடுக்குவதை நிறுத்தி, மிச்சத் தண்ணீர் வழிந்தோட ஒரு வாய் விட்டார்கள்.

குளத்தின் பக்கம் பொந்து எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்த முறை இன்னும் அழகானது. அரிசி ஆலையிலிருந்து ஒரு சாக்கு உமி கொண்டுவந்து கரையோரம் தூவினார்கள். ஓரிடத்தில் உமி சுழன்று உள்ளே போனது. அந்த இடத்தில் தறப்பாளை விரித்து, மூட்டைகளைப் பாரமாக வைத்து இறக்கினார்கள். இறங்கியவர்களின் இடுப்பில் கயிறு இருந்தது, கயிற்றின் மறுமுனை மருதமரத்தில் இருந்தது. வேறு மாதிரி இறங்கவே கூடாது.

மாதர் சங்கத்து அக்காமார், தங்கைமாருக்கு: ஒவ்வொரு நேரமும் நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ அரிசியும் மூன்று கிலோ பருப்பும் என்று கணக்குப் பிசகாமல் சமைத்தீர்கள். விடியப்புறம் மூன்று மணிக்குச் சுடச்சுட வந்த இஞ்சித் தேத்தண்ணி இல்லாவிட்டால் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கொதித்தாறிய தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்க விடாததற்கும் நன்றி.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைக் கையோடு கொண்டுவந்தார். சேற்றில் நின்றவர்கள் அதைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவில்லை. பழைய மூட்டையை வெறுங்கையால் தூக்க வேண்டாம், கீழே புடையன் படுத்திருக்கும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த பெரியவரையும் மறக்கவில்லை.

தை பிறந்து தண்ணீர் இறங்கியபின் நான்கு ஞாயிறு சிரமதானத்துக்கு வந்தவர்களுக்கு இன்னொரு கும்பிடு. மூட்டை நிரந்தர வேலை இல்லை; வெயிலில் சில மாதத்தில் உரப்பை நொறுங்கிவிடும். பொந்தைத் தொடர்ந்து வெட்டிப் பார்த்தபோது உள்ளே இருந்தது பழைய கறையான் புற்றும், எப்போதோ தறித்த மரத்தின் உக்கிய வேரும். மரத்தைத் தறித்து வேரை விட்டால் அது உக்கிக் குழாயாகிவிடும். அதனால் சிறு கன்றுகள் வேரோடு பிடுங்கப்பட்டன. பெரிய மருதுகளைத் தொடவில்லை. அவற்றைத் தொழில்நுட்ப அலுவலர் பார்த்த பிறகு முடிவெடுப்போம். வெட்டிய பள்ளத்தின் பக்கங்களைப் படிப்படியாகச் செதுக்கி, அரை அடிக்கு ஒரு படையாக மண் போட்டுத் திமிசால் இடித்தார்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் மண் இறுகும். மேலே அறுகம்புல் பதித்தாயிற்று. மாட்டை இந்த வருடம் அந்தப் பக்கம் விட வேண்டாம் என்று பட்டிக்காரரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு அலவாங்கு, மூன்று தாச்சி, ஒரு நீலத் தறப்பாள், கைபிடி உடைந்த மண்வெட்டி ஒன்று (பிடி புதிதாகப் போட்டாயிற்று) பொதுநோக்கு மண்டபத்தில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துச் செல்லுங்கள்.

குளத்துக்குக் கீழ் வயல் செய்வோர் சார்பில்,
கமக்காரர் அமைப்பு