மீனவர் பேச்சுக்கும் மேடை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் உலக நாடக ஆசிரியர்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். இத்தாலியின் கார்லோ கோல்தோனிக்கு ஒரே ஒரு பத்தி. இரண்டு எசமானர்களிடம் வேலை பார்க்கும் வேலைக்காரனின் கதை அதில் இருக்கிறது. மீனவர்களை வைத்து அவர் எழுதிய நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மீனவக் குடும்பத்தில் பிறந்து, ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கும் எனக்கு அதுதான் பெரிய நாடகம்.

1707-ல் வெனிஸில் பிறந்த கோல்தோனி, வக்கீல் ஆவதற்கு முன்பு கியோஜா என்ற மீன்பிடி ஊரில் குற்ற வழக்கு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தார். அங்கே பார்த்ததை வைத்து எழுதிய 'கியோஜாச் சண்டைகள்' 1762-ல் வெனிஸில் மேடையேறியது. ஆண்கள் கடலில் இருக்கிறார்கள், பெண்கள் தெருவில் உட்கார்ந்து லேஸ் பின்னுகிறார்கள். ஒரு படகோட்டி, வேறொருவனுக்குப் பேசிவைத்த பெண்ணுக்குச் சுட்ட பூசணித் துண்டு வாங்கித் தருகிறான். போதாதா? படகு கரை சேர்ந்ததும் விஷயம் காதுக்குப் போய், கல்லும் கத்தியுமாகி, வழக்கு வரை வந்துவிடுகிறது. ஃபொர்துனாத்தோ என்ற படகுக்காரர் வார்த்தைகளை விழுங்கி விழுங்கிப் பேசுவார். விசாரிக்கும் அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. கோல்தோனி அதைத் திருத்தவில்லை. கரைப் பேச்சை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார். 1786-ல் வெனிஸில் இதைப் பார்த்த ஜெர்மன் கவிஞர் கதே, ஜனங்கள் தங்களையே மேடையில் கண்டு கொண்டாடியதை வியந்து எழுதியிருக்கிறார்.

அதே 1762-ல் கோல்தோனி பாரிஸ் போனார். பிரெஞ்சுப் புரட்சியில் ஓய்வூதியம் நின்று, 1793-ல் வறுமையில் இறந்தார்.

இதை இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பிள்ளைகள் ஒரு போட்டிக்காக மீன்பிடித் தடைக்காலத்தை வைத்து நாடகம் போட்டார்கள். வலை பொத்தும் அப்பாக்கள், கடனுக்காக அலையும் அம்மாக்கள், கடல்பாசி எடுக்கப் போன இடத்தில் மூண்ட சண்டை எல்லாம் அதில் இருந்தது. வசனம் முழுக்க அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சு. கொச்சைத் தமிழ் என்று சொல்லி நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். அப்புறம் அடுத்த ஒத்திகையில் பிள்ளைகள் வாய் திறக்கவே தயங்கினார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

நாடகப் போட்டி நடத்துகிறவர்கள், வட்டாரப் பேச்சில் வசனம் இருக்கலாம் என்று விதியிலேயே எழுத வேண்டும். நடுவர்களில் ஒருவராவது கடற்கரை ஊர்க்காரராக இருக்க வேண்டும். உங்கள் இணைப்பிலும் கோல்தோனியின் இந்த மீனவர் நாடகத்தின் ஒரு காட்சியைத் தமிழில் வெளியிடுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து அதை எங்கள் பேச்சில் எழுதி அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம்.