எட்சா பற்றி நீ எழுதியதற்கு

அன்புள்ள நாகராஜனுக்கு,

உன் கடிதம் போன வாரமே கைக்குக் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு நெடுநேரம் குனிந்து எழுத வேண்டாமென்று மருத்துவர் சொல்லியிருந்ததால் பதில் தாமதமாயிற்று. உன் பேத்திக்கு வேலை கிடைத்த செய்தி அறிந்து மகிழ்ந்தேன்; என் வாழ்த்தைச் சொல். ஆனால் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது, கடிதத்தின் பின்பாதியில் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. பிலிப்பைன்ஸில் 1986இல் அதிபர் மார்கோஸைப் பதவியிலிருந்து இறக்கியது ராணுவத்தின் ஒரு பிரிவுதான், எட்சா சாலையில் திரண்ட மக்கள் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்று எழுதியிருக்கிறாய்.

உன் வாதத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கிளர்ச்சியைத் தொடங்கிய பாதுகாப்பு அமைச்சர் ஹுவான் போன்சே என்ரீலே, 1972இல் அறிவிக்கப்பட்ட ராணுவச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியவர்களில் முதன்மையானவர். அவரைச் சுற்றியிருந்த இளம் அதிகாரிகள் அதிபர் மாளிகையைத் தாக்கத் தீட்டிய திட்டம் வெளியே கசிந்துவிட்டது. கைதாவது உறுதி என்ற நிலையில்தான் அவரும் துணைத் தளபதி ஃபிடல் ராமோஸும் பிப்ரவரி 22 அன்று ராணுவ முகாம்களுக்குள் புகுந்துகொண்டார்கள். அவர்களிடம் இருந்த வீரர்கள் சில நூறு பேர்தான். தளபதி ஃபேபியன் வெர் அன்றிரவே படையை ஏவியிருந்தால் விடிவதற்குள் கதை முடிந்திருக்கும்.

அன்றிரவு மணிலா பேராயர் கார்டினல் ஹைமே சின், கத்தோலிக்கத் திருச்சபையின் வேரித்தாஸ் வானொலியில் பேசி, முகாம்களில் இருப்பவர்களுக்குத் துணையாகச் செல்லுங்கள், உணவு கொண்டுபோங்கள் என்று கேட்டுக்கொண்டார். (நாம் ஒரு காலத்தில் சிற்றலையில் தமிழ் ஒலிபரப்புக் கேட்டோமே, அதே வேரித்தாஸ்தான்.) அகினால்டோ, கிராமே என்ற இரண்டு முகாம்களும் மணிலா பெருநகரின் எட்சா நெடுஞ்சாலையின் இருபுறமும் எதிரெதிராக இருக்கின்றன. அந்தச் சாலையை மக்கள் நிரப்பிவிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு வெறுங்கையோடு வந்தவர்கள் காவல் நின்றார்கள் என்ற தலைகீழ் நிலையை நீ கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. மறுநாள் அதிகாலையில் வேரித்தாஸின் ஒலிபரப்புக் கருவிகளை அரசுப் படையினர் உடைத்தும், செய்தி நிற்கவில்லை. வேறோர் இடத்திலிருந்து வேறு பெயரில் ஒலிபரப்பு தொடர்ந்தது.

23ஆம் தேதி பிற்பகலில் ஒர்ட்டிகாஸ் சந்திப்பை நோக்கிக் கடற்படை வீரர்களின் கவச வண்டிகள் வந்தபோது, கன்னியாஸ்திரிகள் கையில் ஜெபமாலையுடன் அவற்றின் முன்னே மண்டியிட்டார்கள். பெண்கள் வண்டிமேல் இருந்த வீரர்களுக்குப் பூவும் உணவும் சிகரெட்டும் நீட்டினார்கள். வண்டிகள் எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தன, கூட்டம் விலகவில்லை, கடைசியில் திரும்பிப் போயின. இந்தப் படங்களை உலகமே பார்த்துவிட்டது. எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது மறுநாள் நடந்தது. கிராமே முகாமைக் குறிவைத்துப் பீரங்கிகளை நிறுத்தியிருந்த கர்னல் பிராவ்லியோ பல்பாஸுக்குச் சுடும்படி மேலிடத்திலிருந்து திரும்பத் திரும்ப உத்தரவு வந்தது. அவர் மறுத்துப் பேசவில்லை. பீரங்கிகளை இன்னும் சரியான நிலையில் வைத்துக்கொண்டிருப்பதாக மட்டும் பதில் சொல்லிக் காலத்தைக் கடத்தினார். மேலதிகாரியை எதிர்க்கத் துணியாத ஊழியன் கோப்பை நகர்த்தாமலே வைத்திருப்பதை நாம் இருவரும் அலுவலகத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அந்தச் சாக்குப்போக்கு ஒரு நகரின் நடுவே எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று எண்ணிப் பார். சாலையில் கூட்டம் இல்லாதிருந்தால் அவருக்குத் தயங்கக் காரணமே இருந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது முகாம்களுக்கு முன்பே நடந்தது. 1983 ஆகஸ்ட் 21 அன்று மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அகினோவின் மனைவி கொராசோன், 1986 பிப்ரவரி 7 தேர்தலில் மார்கோஸை எதிர்த்து நின்றார். இருபது ஆண்டுகள் பதவியில் இருந்தவருக்குத் தன் வெற்றியில் அத்தனை நம்பிக்கை. இந்த முன்கூட்டிய தேர்தலை அவர் அறிவித்ததே ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில்தான். வாக்கு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோது, 9ஆம் தேதி இரவு, தேர்தல் ஆணையத்தின் கணினிப் பணியாளர்கள் 30 பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்கள், எழுந்து வெளியேறினார்கள். தாங்கள் பதிந்த எண்களும் பலகையில் காட்டப்பட்ட எண்களும் ஒத்துப்போகவில்லை என்றார்கள். கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளிய எனக்கு, எண்ணைத் திருத்தச் சொல்லும் உத்தரவின் கனம் தெரியும். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் பார்க்க இருக்கையை விட்டு எழுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதும் தெரியும். அவர்களை முன்னின்று அழைத்துச் சென்ற பெண், என்ரீலேயின் இளம் அதிகாரிகளில் ஒருவரின் மனைவி. இதை நீ பிடித்துக்கொள்வாய் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் அவர் பின்னால் எழுந்து போன மற்றவர்களுக்கு அப்படி எந்த உறவும் தேவைப்படவில்லை.

15ஆம் தேதி நாடாளுமன்றம் மார்கோஸ் வென்றதாக அறிவித்தது. மறுநாள் லுனெட்டா பூங்காவில் திரண்ட பெருங்கூட்டத்தில், மார்கோஸின் கூட்டாளிகளுடைய வங்கிகளையும் நிறுவனங்களையும் நாளிதழ்களையும் புறக்கணிக்கும்படி கொராசோன் கேட்டுக்கொண்டார். ஆகவே என்ரீலே முகாமுக்குள் ஓடியபோது, நாடு ஏற்கெனவே புறப்பட்டுவிட்டிருந்தது. அவர்தான் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். 25ஆம் தேதி ஒரே நகரில் இருவர் அதிபராகப் பதவியேற்றார்கள். கொராசோன் கிளப் பிலிப்பினோவில் உறுதிமொழி எடுத்தார். மார்கோஸ் மாளிகையில் எடுத்துவிட்டு அன்றிரவே அமெரிக்க ஹெலிகாப்டரில் ஏறினார். போய்ச் சேர்ந்த ஹவாயில்தான் 1989இல் அவர் இறந்தார்.

பின்னர் என்ன ஆயிற்று என்ற உன் கேலியும் நியாயமானதுதான். மகன் மார்கோஸ் 2022இல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய தலைமைச் சட்ட ஆலோசகராக அமர்ந்தவர் அதே என்ரீலே! கொள்ளையடிக்கப்பட்ட சொத்தில் பெரும்பகுதி மீளவில்லை, நிலம் இல்லாதவனுக்கு நிலமும் கிடைத்துவிடவில்லை. ஆனால் அந்த நான்கு நாட்களுக்குப் பிறகு எழுதப்பட்ட 1987 அரசியலமைப்பு, அதிபருக்கு ஆறாண்டுப் பதவிக்காலம் ஒன்றை மட்டுமே அனுமதிக்கிறது. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் ராணுவச் சட்டம் 60 நாட்களுக்கு மேல் நீடிக்க முடியாது. அதனால் தந்தை இருபது ஆண்டுகள் இருந்த மாளிகையை மகன் 2028இல் காலி செய்தாக வேண்டும். அதைச் சின்ன விஷயமென்று என்னால் தள்ள முடியவில்லை.

இந்தோனேசியாவில் 1998இல் சுகார்த்தோ விலகியது பற்றியும் உனக்கு இதே கருத்துதானா? அங்கே ராணுவத்தின் பங்கு குறித்து உன் பக்கம் சாய எனக்கே சில காரணங்கள் உண்டு. அடுத்த கடிதத்தில் எழுது, வாதாடிப் பார்ப்போம்.

என்றும் அன்புடன்,
சுந்தரம்